புலி போனதால் சர்க்கஸ் சாகவில்லை

சர்க்கஸைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது. "மிருகங்களைத் தடை பண்ணினாங்க, சர்க்கஸ் படுத்துருச்சு." டீக்கடைப் பெரியவர் இதைச் சொல்கிறார். தீபாவளி மலரில் பழைய நினைவுகளை எழுதுகிறவர் இதைச் சொல்கிறார். கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சர்க்கஸ் முதலாளியும் பேட்டி எடுக்க வருகிறவரிடம் இதையேதான் சொல்கிறார். எதிர்முகாமில் இருப்பவர்களும் இதே கணக்கைத்தான் வேறு குரலில் போடுகிறார்கள்: சர்க்கஸ் என்றால் மிருகவதை, அது ஒழிந்தால் நல்லதுதானே என்று.

இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. சர்க்கஸ் என்றாலே மிருகம் என்று இரண்டும் நம்புகின்றன. இந்த நம்பிக்கை பொய். அந்தப் பொய்யால் சர்க்கஸ் கலைஞர்களுக்கு நேர்ந்த அநியாயம் பெரிது. அதனால்தான் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1991இல் மத்திய அரசு சில விலங்குகளை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆய்வுக்குப் பிறகு 1998 அக்டோபரில் வந்த அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் தடை செய்தது. அதை எதிர்த்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 2000 ஜூனில் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2001 மே 1 அன்று மேல்முறையீட்டையும் தள்ளியது. சிங்கமும் புலியும் கூடாரத்தை விட்டு வெளியேறின. நம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மீட்பு மையம் அமைத்து அவற்றில் சிலவற்றுக்கு இடம் கொடுத்தார்கள்.

இப்போது, தடையால்தான் சர்க்கஸ் படுத்தது என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. 1998 பட்டியலில் யானை இல்லை. குதிரை இல்லை. ஒட்டகம், நாய், கிளி எதுவும் இல்லை. தடை உறுதியான பிறகும் பல ஆண்டுகள் யானை பந்து உதைத்தது, பிள்ளையாருக்குப் பூசை செய்தது. குதிரை வட்டத்தில் ஓடியது. நாய் வளையம் தாண்டியது. அந்த ஆண்டுகளில்தான் கேலரி காலியாகிக்கொண்டே வந்தது. மிருகம்தான் சர்க்கஸைத் தாங்கியது என்றால், மிருகம் இருந்த அந்தக் காலத்தில் சர்க்கஸ் ஏன் நிமிரவில்லை? யானை என்ன சின்ன மிருகமா?

உண்மையில் மிருகத்தின் ஈர்ப்பு சட்டம் வருவதற்கு முன்பே கரையத் தொடங்கிவிட்டது. 1960களில் ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்குப் புலியைப் பார்க்க சர்க்கஸை விட்டால் வழியில்லை. அன்றைக்குப் புலி ஓர் அதிசயம். 1980களில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. 1985இல் வண்டலூர் பூங்கா திறந்தது. 1990களில் கேபிள் இணைப்பும் டிஸ்கவரி சேனலும் வந்தன. காட்டில் மானைத் துரத்திப் பிடிக்கும் புலியைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கு, முக்காலியில் ஏறி உட்காரும் கிழட்டுப் புலி எத்தனை நாளைக்கு அதிசயமாக இருக்கும்? அந்த ஈர்ப்பை எடுத்துக்கொண்டது காலம். நீதிமன்றம் வந்தது அதற்குப் பிறகு.

"சர்க்கஸ் பிறந்ததே மிருகத்தோடுதானே?" என்று கேட்பார்கள். பாதி சரி. 1768இல் லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி நவீன சர்க்கஸைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை குதிரைகள். ஆனால் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தது ஓடும் குதிரையின் முதுகில் நின்ற மனிதனை. சர்க்கஸ் வட்டத்தின் விட்டம் இன்றும் ஏறக்குறைய 42 அடி என்று இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த அளவு வட்டத்தில் சுற்றும் குதிரையின் மேல் ஆள் சாய்ந்து நின்றால் விழாமல் நிற்கலாம். வட்டமே மனித உடலின் சமநிலைக்காக வகுத்த அளவு. சிங்கமும் புலியும் அதற்கு வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தவை.

நம் நாட்டுக் கதை இன்னும் தெளிவானது. விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்க்கஸைத் தொடங்கினார். அவர் குதிரைக்காரர். ஆனால் இந்திய சர்க்கஸுக்கு ஆள் கொடுத்து, அதை நூறாண்டு வாழவைத்த ஊர் தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். களரியும் மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றவர். 1901இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அங்கே சொல்லிக் கொடுத்தது பார், கயிறு, குட்டிக்கரணம். அந்த மண்ணிலிருந்து போன கண்ணன் பம்பாயோ கயிற்றின்மேல் துள்ளி ஆடியே 1930களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வாய் பிளக்க வைத்தார். அவர் கூடவே கூட்டிப்போன புலி ஒன்றும் இல்லை.

குடும்பமாக நடத்தும் சர்க்கஸ் என்றதும் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது ஜெமினி. அதன் நிறுவனர் ஜெமினி சங்கரன் குஞ்ஞிக்கண்ணனிடமே பயின்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்துவிட்டு, கல்கத்தாவில் ஒரு சர்க்கஸில் பார் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1951இல் ஒரு கூட்டாளியோடு 6,000 ரூபாய்க்கு நொடித்துப்போன ஒரு சர்க்கஸை விலைக்கு வாங்கி, தன் ராசிப் பெயரை அதற்கு வைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் முதல் ஆட்டம். 1977இல் ஜம்போ சர்க்கஸும் அவர் கைக்கு வந்தது. 2023 ஏப்ரலில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகள் பலவற்றிலும் மிருகக் கூண்டுகளின் ஏக்கம் இருந்தது. அவர் பிழைப்பைத் தொடங்கியது இரண்டு கையையும் ஒரு பாரையும் நம்பி என்பதை அவற்றில் பல மறந்துவிட்டன.

அடுத்த வாதம் மனசைத் தொடுவது. "நாங்கள் மிருகங்களைப் பிள்ளைகளைப் போல வளர்த்தோம்" என்கிறார்கள் சர்க்கஸ் குடும்பத்தார். நான் இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். தலைமுறையாக யானையோடு ஊர் ஊராகப் போன குடும்பத்துக்கு அந்த யானை வீட்டு உறுப்பினர்தான். அதைப் பிரிந்த நாளில் அழுதவர்களின் கண்ணீர் நிஜம். ஆனால் பாசம் கூண்டை ஓர் அங்குலம்கூடப் பெரிதாக்காது. ஊர்விட்டு ஊர் போகும் தொழிலில் சிங்கத்துக்குக் கிடைத்தது சக்கரம் வைத்த கூண்டு. அதில் எழுந்து திரும்பிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று காட்சி, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் வட்டத்தில், மீதி நேரம் முழுக்க அந்தக் கூண்டில். லாரியில் ஏற்றிய இரவுகளும் அதில்தான். காட்டுப் பிராணிக்குத் தீ இயற்கையிலேயே பயம். தீ வளையத்துக்குள் அது தானாகப் பாயாது. அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தால்தான் பாயும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தடை சரியானது. அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

"கோயில் யானையை விட்டுவிட்டீர்களே, குதிரைப் பந்தயத்தை விட்டுவிட்டீர்களே, ஜல்லிக்கட்டுக்கு 2017இல் சட்டமே திருத்தினீர்களே, சர்க்கஸ்காரன் மட்டும் இளிச்சவாயனா?" இந்தக் கேள்வியில் நியாயமான ஆதங்கம் இருக்கிறது. பின்னால் சாதியும் சங்கமும் ஓட்டும் இல்லாத கூட்டம் என்பதால் சர்க்கஸ்காரர்கள் மேல் சட்டம் சுலபமாகப் பாய்ந்தது உண்மை. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஒரே ஒரு நேர்மையான வழிதான் உண்டு. சிமெண்டுத் தரையில் சங்கிலியோடு நிற்கும் கோயில் யானைக்கும் நல்ல வாழ்வு கேட்பது. அந்த யானை கஷ்டப்படுகிறது என்பதைக் காட்டிச் சிங்கத்தைக் கூண்டுக்குத் திரும்ப அழைக்க முடியாது.

வெளிநாட்டு உதாரணத்தையும் எடுத்து வருவார்கள், அதுவும் அவர்களிடம் இருப்பதிலேயே வலுவான ஆயுதமாக. அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ். 1967 முதல் ஃபெல்ட் குடும்பத்தின் கையில் இருந்தது. யானைகளை வைத்து அதன்மேல் ஆண்டுக்கணக்கில் வழக்குகள். குற்றம் சாட்டிய அமைப்புகளின் முக்கியச் சாட்சி பணம் வாங்கியவர் என்று தெரியவந்து, வழக்கு தலைகீழாகி, அந்த அமைப்புகளே ஃபெல்ட் நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்துச் சமரசம் ஆகின. வழக்கில் வென்றும், 2016 மே மாதம் ரிங்லிங் யானைகளை ஆட்டத்திலிருந்து ஓய்வுபெறச் செய்தது. டிக்கெட் விற்பனை மளமளவென்று சரிந்தது. 2017 மே 21 அன்று கடைசிக் காட்சி. "பார்த்தீர்களா, யானை போனதும் சர்க்கஸ் போச்சு!"

இந்தக் கதையை இத்தோடு நிறுத்துகிறவர்கள் பாதிக் கதை சொல்கிறார்கள். விற்பனை அதற்கு முன்பே ஆண்டாண்டாகச் சரிந்துகொண்டிருந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. ஒரு மைல் நீள ரயிலில் ஊர் ஊராகப் போகும் செலவு அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. யானையை எடுத்தார்களே தவிர, யானை இல்லாத ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாக யோசித்து ஆட்டத்தை மாற்றி அமைக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. ஆறு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அதே ஃபெல்ட் குடும்பம் அதே பெயரில் சர்க்கஸை மறுபடி தொடங்கியது. மனிதர்களை மட்டுமே வைத்து. ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் பால் குடும்பத்தின் ரோன்கல்லி சர்க்கஸ், கடைசியாக இருந்த குதிரைகளையும் 2018இல் விட்டுவிட்டு, ஒளியால் குதிரையும் யானையும் வரைந்து காட்டுகிறது. இன்றும் ஊர் ஊராகப் போகிறது. கனடாவில் 1984இல் தெருக்கூத்தாடிகள் தொடங்கிய சிர்க் து சோலே காட்டு மிருகங்களை நம்பாமலே உலகின் மிகப் பெரிய சர்க்கஸ் ஆனது.

ஆகவே சர்க்கஸைத் தாங்குவது எது? கூடாரத்தின் உச்சியைப் பாருங்கள். அங்கே கேட்சர் முழங்காலை மடித்துப் பாரில் தலைகீழாகத் தொங்குகிறார். எதிர்ப்பக்க மேடையிலிருந்து ஒரு பெண் பாரைப் பிடித்துப் பாய்கிறார். முதல் வீச்சில் வேகம் சேர்கிறது. அடுத்த வீச்சின் உச்சியில், உடல் எடையே இல்லாமல் நிற்கும் அந்த ஒரு கணத்தில், கையை விடுகிறார். காற்றில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. கேட்சர் பிடிப்பது விரலை அல்ல, மணிக்கட்டை. அவர் மணிக்கட்டை இவரும் பிடிக்கிறார். ஒரு பிடி நழுவினாலும் மற்றது இருக்கும். வியர்வை வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளைப் பொடி. கேட்சர் தன் ஊஞ்சலை முன்கூட்டியே அந்தக் கணத்துக்கு அளந்து ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் வலைதான். வலையில் விழுவதும் படித்து வருவது. முதுகு பட விழ வேண்டும், கையோ காலோ முந்திக்கொண்டால் முறியும். இதை ஒரு நாளில் மூன்று காட்சியில், கேலரியில் நாற்பது பேர் இருந்தாலும் நாலாயிரம் பேர் இருந்தாலும், அதே கவனத்தோடு செய்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியுமா? கேட்சரின் ஊர் எது என்று கேட்டிருக்கிறோமா? எப்போதோ போன சர்க்கஸில் பார்த்த சிங்கத்தின் பெயரை முப்பது வருஷம் கழித்தும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துப் பறந்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. சர்க்கஸுக்கு நாம் செய்த துரோகம் இதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் சர்க்கஸ் உலகம் செய்த தவறு மிகப் பெரியது. அதை மூடி மறைத்து யாரும் சர்க்கஸைக் காப்பாற்ற முடியாது. தலச்சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கும், பெரியவர்கள் வளைகுடாவுக்கும் போக ஆரம்பித்ததும் கூடாரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. தரகர்கள் நேபாளத்துக்கும் வங்காளத்துக்கும் போனார்கள். பெற்றோர் கையில் சிறு முன்பணம் கொடுத்து, பெண் பிள்ளைகளைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கூட்டி வந்தார்கள். 2004 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா மாவட்டத்தில் ஒரு சர்க்கஸிலிருந்து நேபாளச் சிறுமிகளை மீட்கப் போன குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி கடுமையாகத் தாக்கப்பட்டார். 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. ஆக, ஆள் வரத்து வற்றியதில் தொடங்கி ஆள் பிடிக்கும் கொடுமை வரை, எல்லாமே விலங்குத் தடைக்கு முன்பே உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த நோய்கள். புலியைக் காரணம் காட்டுவது முதலாளிகளுக்கு வசதியாக இருப்பதும் இதனால்தான்.

"சின்ன வயதில் உடம்பு வளைந்தால்தான் வித்தை வரும், சட்டம் வந்து கலையைக் கொன்றுவிட்டது" என்கிறார்கள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றில் குழந்தைகளுக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்து, சர்க்கஸை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது என்பதையும் குறையாகச் சொல்கிறார்கள். அந்த விலக்கு சர்க்கஸ் தன் நடத்தையால் சம்பாதித்துக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளை ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மாலையில் கற்றுக்கொண்டு, பகலில் பள்ளிக்குப் போய், இரவில் அம்மா பக்கத்தில் தூங்கும் பிள்ளையாக அது இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது. குஞ்ஞிக்கண்ணன் 1901இல் செய்தது ஏறக்குறைய இதைத்தான். ஊரிலேயே பள்ளி வைத்தார். பின்னால் வந்தவர்கள் பள்ளியை விட்டுவிட்டுத் தரகரைப் பிடித்தார்கள்.

இந்த வாதத்தை அடியோடு சாய்க்கும் சாட்சி நேபாளத்தில் இருக்கிறது. இந்திய சர்க்கஸ்களுக்கு விற்கப்பட்டுப் பிறகு மீட்கப்பட்ட இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து சர்க்கஸ் காத்மாண்டு என்ற குழுவை அமைத்தார்கள். 2014இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஆடினார்கள். தங்கள் பிள்ளைப் பருவத்தைப் பறித்த அதே வித்தையை, வளர்ந்த பிறகு, தங்கள் விருப்பத்தோடும் தங்கள் பெயரோடும் மேடையேற்றினார்கள். மிருகம் இல்லை, முதலாளி இல்லை, ஒப்பந்தம் இல்லை. கொடுமையைத் தனியே கழற்றி எறிந்துவிட்டுக் கலையை வைத்துக்கொள்ள முடியும் என்று, கொடுமையை அனுபவித்தவர்களே காட்டிவிட்டார்கள். சர்க்கஸ் மொத்தமாக ஒழியட்டும் என்கிற கருணையாளர்களும் இவர்களைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அப்படியானால் சர்க்கஸ் ஏன் மெலிகிறது? இடம் இல்லாததால். கூடாரமும் கேலரியும் தொழிலாளர் குடியிருப்பும் லாரிகளும் நிற்க ஏக்கர் கணக்கில் சமதரை வேண்டும், அதுவும் ஊர் நடுவே. அப்படிப்பட்ட மைதானங்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சர்க்கஸ் கூடாரம் எழுந்த மதுரை தமுக்கத்தில் 2022இல் மாநாட்டு மையம் திறந்துவிட்டது. மழை பெய்தால் வசூல் இல்லை, ஆனால் மைதான வாடகை நிற்காது. பெருந்தொற்றுக் காலத்தில் கூடாரத்தோடு முடங்கிய ராம்போ சர்க்கஸ், 2020 செப்டம்பரில் ஆட்டத்தைப் படம்பிடித்து இணையத்தில் டிக்கெட் போட்டு ஓட்டியது. அந்த முயற்சியில் ஆடியவர்கள் மனிதர்கள்தான்.

முதலாளிகள் பங்கும் உண்டு. அதே வரிசையில் அதே அயிட்டங்கள், அதே பாட்டு, அதே சாயம் போன உடுப்பு. குள்ளமான மனிதரைப் பிட்டத்தில் அடித்துச் சிரிப்பு வாங்கும் ஜோக்கர் காட்சி இன்றும் ஓடுகிறது. உயரம் குறைந்த கலைஞர்களுக்கு உலகின் எந்த மேடையிலும் காட்டக்கூடிய திறமை இருக்கிறது. அவர்கள் அடிவாங்குவதைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிப்பதில்லை, நெளிகிறார்கள். புலிக்கு ஆகும் தீனிச் செலவு மிச்சமானபோது அந்தப் பணம் கலைஞரின் சம்பளத்துக்கும் காப்பீட்டுக்கும் புதிய ஆட்டத்துக்கும் போயிருந்தால் கதையே வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக அரசு. பிரான்ஸில் 1970களின் இறுதிவரை சர்க்கஸ் வேளாண் அமைச்சகத்தின்கீழ் இருந்தது, மிருகம் இருக்கிறது என்ற காரணத்தால். பிறகு அதைப் பண்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். 1985இல் ஷாலோன் நகரில் தேசிய சர்க்கஸ் கலை மையம் வைத்து, பட்டம் கொடுத்து, ஒரு புதிய கலைத் தலைமுறையையே உருவாக்கினார்கள். 2021இல் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோது அங்கே கலை நிலைத்து நின்றது. நம் நாட்டில் சர்க்கஸ் பற்றி வந்த பெரிய உத்தரவுகள் எல்லாமே எதைச் செய்யக் கூடாது என்றவை. அவை தேவைதான். ஆனால் எதைச் செய்யலாம், எங்கே கற்கலாம், அடிபட்டால் யார் பார்ப்பார் என்று சொல்லும் ஏற்பாடு ஒன்றும் கூடவே வரவில்லை. கேரள அரசு 2010இல் தலச்சேரியில் சர்க்கஸ் அகாதெமி தொடங்கியது, அது நிலைக்கவில்லை. பள்ளிப் படிப்பும், முடித்தவுடன் வேலையும், வயதானால் ஓய்வூதியமும் சேர்ந்து வராத பயிற்சிக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாநகராட்சியும் ஆண்டில் சில வாரம் ஒரு மைதானத்தைக் குறைந்த வாடகையில் ஒதுக்கலாம். நாட்டுப்புறக் கலைஞருக்குக் கிடைக்கும் நலத்திட்டங்கள் பார் ஆட்டக்காரருக்கும் கிடைக்கலாம். விளையாட்டு விடுதிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று பதக்கம் எட்டாத பிள்ளைகளுக்குச் சர்க்கஸ் ஒரு மானமான தொழிலாகலாம். முதலாளிகள் கலைஞர்களின் பெயரைச் சுவரொட்டியில் அச்சிடட்டும், காப்பீடு எடுக்கட்டும். நாம் மால் தியேட்டருக்குக் கொடுக்கும் காசைக் கூடாரத்துக்கும் கொடுப்போம்.

"புலி போச்சு, சர்க்கஸ் போச்சு" என்று சொல்லும்போதெல்லாம் நாம் அரசையும் முதலாளியையும் நம்மையும் ஒரே மூச்சில் மன்னித்துவிடுகிறோம். பாரில் தொங்கும் மனிதரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம். சர்க்கஸ் அந்த மனிதருடையது, முதல் நாளிலிருந்தே அவருடையது. அவருக்குச் சோறும் மரியாதையும் கிடைத்தால் கூடாரம் நிற்கும். கிடைக்காவிட்டால், நூறு சிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலும் நிற்காது.